சந்தனம் வைத்த கேபிள்கள்

ஹார்ட் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் ஒரு கேபிளைத் தேர்ந்தெடுக்க எனக்குப் பதினொரு நாள் ஆயிற்று. கணவரைத் தேர்ந்தெடுக்க ஐம்பது நிமிடம் போதுமாயிருந்தது. அதிலும் பாதி நேரம் கேசரியில் நெய் ஜாஸ்தியா இல்லையா என்ற பேச்சிலேயே போயிற்று. இந்த இரண்டில் எதற்கு அதிகமாகக் கவலைப்பட்டேன் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டால் சொல்லக் கூச்சமாக இருக்கும்.

கேபிளுக்காகக் கவலைப்படக் காரணம் இருந்தது. குழந்தை பிறந்ததிலிருந்து நாலு வருஷம் நான் வேலைக்குப் போகவில்லை. பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்த பக்கங்களில் கறையும் கோடும் நீக்கிச் சுத்தம் செய்கிற வேலைக்கு, வெளியூர் நிறுவனம் ஒன்று வீட்டிலிருந்தே செய்ய ஆள் எடுத்தது. பரீட்சை வைத்தார்கள், தேறினேன். சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் இருக்க வேண்டும், அதில் அவர்களுடைய பக்கங்களுக்கென்றே தனியாக ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க் இருக்க வேண்டும் என்றார்கள். விஜயதசமிக்கு மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வேலை. அதற்கு முந்தின சாயங்காலம் ஆறு மணிக்குள், அந்த டிஸ்க் திரையில் தெரிகிறதைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆள்.

"அன்னிக்கு எங்களுக்குப் பூஜை லீவு," என்று ஃபோனில் சொல்லிப் பார்த்தேன்.

"ஓ, ஹாப்பி பூஜா, மேம்," என்றாள் அந்த நிறுவனத்துப் பெண் மிக இனிமையாக. "ஆறு மணி."

கடையில் முழுக் கம்ப்யூட்டராகவே வாங்கிவிடலாம் என்றுதான் நான் சொன்னேன். என் கணவர் சிரித்தார். "எலக்ட்ரிகல் இன்ஜினீயர் ஒருத்தன் ஆத்துல இருக்கச்சே, பின்னே என்னத்துக்கு?" அவர் எலக்ட்ரிகல் இன்ஜினீயர் என்பது உண்மை. சர்டிபிகேட் ஃபிரேம் போட்டு எங்கள் கரமனை வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. ஆனால் படித்து முடித்த நாளிலிருந்து அவர் ஒரு வங்கியின் கடன் பிரிவில் இருக்கிறார். மின்சாரத்தோடு அவருக்குக் கடைசியாக இருந்த தொடர்பு, சமையலறை டியூப்லைட் போனபோது எலக்ட்ரீஷியனை ஃபோன் போட்டு வரவழைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கையேட்டை உரக்கப் படிக்கப் படிக்க அவர் ஒவ்வொன்றாக கேபினெட்டுக்குள் பொருத்தினார். படிப்பதும், திருகாணி எடுத்துக் கொடுப்பதும், அவர் தப்பான ஓட்டையில் திருகும்போது இருமுவதும் என் வேலை. சாப்பாட்டு நேரம் வந்ததும் எழுந்துவிட்டார். கம்ப்யூட்டரை ஓட்டும் சின்ன டிஸ்க்குக்கு வயரே வேண்டாம், மதர்போர்டிலேயே சொருகிக்கொண்டது; பக்கங்களுக்கான பெரிய டிஸ்க்கும் உள்ளே உட்கார்ந்துவிட்டது. அதற்குக் கரண்ட் கொடுக்கும் வயர் எஸ்எம்பிஎஸ் என்கிற கரண்ட் பெட்டியிலிருந்தே வந்துவிட்டது. இனி டிஸ்க்கிலிருந்து மதர்போர்டுக்கு ஒரே ஒரு கேபிள் பாக்கி.

"அந்த வயர்தானே, அதை நீ பாத்துக்கோ," என்றார்.

பார்த்துக்கொண்டேன். அதுதான் தப்பு.

மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியிலேயே ஒரு பிளாஸ்டிக் உறையில் இரண்டு கேபிள்கள் இருந்தன. கறுப்பு, மெலிசு. சும்மா கொடுத்தது. சும்மா கொடுத்த பொருளில் என் வாழ்க்கையை மாட்ட நான் தயாராயில்லை. அவற்றை ஓரமாக வைத்துவிட்டு இணையத்தில் தேட ஆரம்பித்தேன்.

உலகத்தில் கேபிளைப் பற்றி மட்டுமே பேசுவதற்கென்று ஆண்கள் இருக்கிறார்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. முனை நேராக இருந்தால் ஒடிந்துவிடும் என்றார் ஒருவர். வளைந்திருந்தால் பக்கத்து ஓட்டையை மறைத்துவிடும் என்றார் அடுத்தவர். பிடித்துக்கொள்ள லாக் இல்லாத கேபிளை வீட்டுக்குள்ளேயே விடக்கூடாது என்றார் மூன்றாமவர். லாக் உள்ள கேபிளைக் கழற்றப் போய் டிஸ்க்கின் வாயையே பெயர்த்தவர் ஒருவர் அதற்குக் கீழே அழுதிருந்தார். சிவப்பு நிறத்துக் கேபிள் சில வருஷத்தில் உள்ளேயே செத்துவிடும் என்று ஒருவர் எழுத, அதைப் பற்றி மற்றவர்கள் நூற்றுக்கணக்கில் சண்டை போட்டிருந்தார்கள். இவர்களில் ஒருவருக்காவது நடுவில் எழுந்து போய்க் குழந்தைக்குச் சோறு ஊட்ட வேண்டியிருந்ததாகத் தெரியவில்லை.

நான் எல்லாரையும் நம்பினேன். எனக்கு அது ஒரு வியாதி. யார் எதை அழுத்திச் சொன்னாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைப்பேன்.

துர்காஷ்டமி அன்று காலையில்தான் பழவங்காடிப் பக்கம் மாடியில் இருக்கிற கம்ப்யூட்டர்க் கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவளுக்கு என் வயதுதான் இருக்கும். பாறசாலை எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தமிழ்.

"எக்கா, எத்தனை டிஸ்க்கு?"

"ஒண்ணு."

"அப்போ ஒரு கேபிள் மதி, போதும்."

"நேர் முனையா, வளைஞ்ச முனையா?"

"எல்லாம் ஒண்ணுதான் எக்கா."

"நேரா இருந்தா கேபினெட் மூடியில இடிக்காதா?"

"இடிச்சா வளைஞ்சதை எடுங்க."

"வளைஞ்சது மதர்போர்டுப் பக்கம் இடிச்சா?"

"அப்போ நேரா உள்ளதை எடுங்க."

"லாக் இல்லேன்னா கழண்டு வந்துடாதா?"

"எக்கா, கம்ப்யூட்டரைத் தூக்கிக்கிட்டு எங்கயாவது ஓடப் போறீங்களா?"

எங்கேயும் ஓடப் போவதில்லை என்று ஒப்புக்கொண்டேன். ஆனாலும் நாலு கேபிள் வாங்கினேன். நேரானது ஒன்று, வளைந்தது ஒன்று, லாக் வைத்து நீலத்தில் ஒன்று, எதற்கும் இருக்கட்டும் என்று நீளமாக ஒன்று. பில் போடும்போது அவள், "மிச்சம் மூணு டிஸ்க்கு எப்போ வாங்கப் போறீங்க?" என்று கேட்டாள். கேலி என்று படியில் இறங்கின பிறகுதான் உறைத்தது.

கீழே பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். சிதறிற்று. பத்தடி நடந்துவிட்டு, சரியாகச் சிதறிற்றா என்று திரும்பிப் பார்த்தேன்.

நாலில் எதைச் சொருகுவது என்று முடிவு செய்வதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. பூஜை வைக்கிற சாயங்காலம். எங்கள் ஊரில் அஷ்டமியன்று புத்தகத்தையும் தொழில் செய்கிற சாமான்களையும் சரஸ்வதிக்கு முன் வைத்துவிட்டால், தசமி காலையில் பூஜை எடுக்கிற வரை தொடக்கூடாது. படிக்கக்கூடாது, எழுதக்கூடாது. வருஷத்தில் குழந்தைகளுக்கு மிகவும் பிடித்த விரதம் இது ஒன்றுதான்.

என் கணவர் வேஷ்டியில், நெற்றியில் பட்டையோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய வங்கிப் பேனா, கூடத்திலிருந்து இறக்கிய டிகிரி சர்டிபிகேட், குழந்தையின் படப் புத்தகம், மாமியாரின் கத்தரிக்கோல் எல்லாம் பலகையில் இருந்தன. கம்ப்யூட்டரையும் கொண்டுவந்து வைத்தார்கள். எனக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. அந்த வீட்டில் என்னுடைய தொழில் சாமான் என்று ஒன்று அந்தப் பலகையில் ஏறினது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் நாலு கேபிளும்.

கேபினெட்டுக்கு மேலே சந்தனம், குங்குமம் வைத்தாயிற்று. கேபிளைக் கையில் எடுத்து என் கணவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மா, இதுக்கு எங்க வைக்கறது?"

"கத்தரிக்கோலுக்கு எங்கடா வெச்சே?" என்றார் மாமியார்.

"முனையில."

"அப்ப இதுக்கும் முனையில வை."

"இதுக்கு ரெண்டு முனையாக்கும்."

"ரெண்டுலயும் வை. அதுல என்ன வந்தது?"

எலக்ட்ரிகல் இன்ஜினீயர் மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டு, நாலு கேபிளின் எட்டு வாயிலும் அழுத்தி வைத்தார். நான் சமையலறை வாசலில் சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டே பார்த்தேன். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். இவளுக்குச் சந்தனத்தில்கூடச் சந்தேகம் என்பார்களே என்று மூடிக்கொண்டேன். அதோடு, அவர் படித்தவர். அவருக்குத் தெரிந்திருக்கும்.

கொலு பார்க்க வந்த தெருக்கோடி மாமியிடம் என் மாமியார், "அவன்தான் அவளுக்குக் கம்ப்யூட்டர் பண்ணிக் குடுத்திருக்கான். குழந்தைக்கும் உபயோகப்படும், கேட்டேளா," என்றார். மாமி சர்டிபிகேட்டையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பின்னே? படிச்ச படிப்பு எங்க போகும்!" என்றாள். எனக்கு ஒரு தொன்னைச் சுண்டல் எடுத்துவரும்படி உத்தரவாயிற்று.

விஜயதசமி காலையில் பூஜை எடுத்து, குழந்தையை அரிசியில் எழுதவைத்து, பாயசம் வைத்து, எல்லாரும் சாப்பிட்டு, நான் பாத்திரம் ஒழித்து உட்கார்ந்தபோது மணி இரண்டு. கேபிள்களில் இருந்த பொட்டை ஈரத்துணியால் நன்றாக அழுத்தித் துடைத்தேன். வெளியே பளிச்சென்று ஆயிற்று. நேர் முனையை எடுத்துச் சொருகினேன். ஏனோ கொஞ்சம் முறுக்காக உள்ளே போயிற்று. புதுசு, அப்படித்தான் இருக்கும் என்று எண்ணி ஸ்விட்சைப் போட்டேன்.

கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. பெரிய டிஸ்க் மட்டும் திரையில் இல்லை.

நேர் முனை ஒடியும் என்று சொன்ன மனிதர் நினைவுக்கு வந்தார். வளைந்த முனையைப் போட்டேன். இல்லை. வளைந்தது எதையோ மறைக்கிறது என்று புரிந்துகொண்டேன். லாக் வைத்த நீலத்தைப் போட்டேன். க்ளிக் என்று பிடித்துக்கொண்டது. இல்லை. நீளமானதையும் போட்டேன். நீளம் கூடினால் வேகம் குறையும் என்று யாரோ எழுதியிருந்தார்கள். வேகம் குறைவதற்குக்கூட அங்கே ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு தோல்விக்கும் என்னிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. பதினொரு நாள் படித்தது வீண் போகவில்லை.

சோபாவில் படுத்திருந்த கணவர் கண்ணைத் திறக்காமலே, "நான் அப்பவே சொன்னேன்," என்றார்.

"என்ன சொன்னேள்?"

"ஜாஸ்தி யோசிக்காதேன்னு."

"நீங்க ஒரு தடவை வந்து பாருங்கோளேன்."

"நாளைக்குக் கடைக்காரனைக் கூப்பிட்டா ஆச்சு. அந்தக் கம்பெனிக்கு ஒரு ஃபோன் போட்டு இன்னும் ரெண்டு நாள் கேளு. இல்லேன்னா போறது, விடு. உனக்கு இப்போ வேலைக்குப் போய்த்தான் ஆகணும்னு இந்தாத்துல யாராவது சொன்னோமா?"

யாரும் சொல்லவில்லை. நாலு வருஷமாக அதைத்தான் யாரும் சொல்லவில்லை.

மணி நாலரை. கடை மூடியிருக்கும் என்று தெரிந்தே, பில்லில் இருந்த மொபைல் நம்பரில் கவுண்டர்ப் பெண்ணுக்கு ஃபோன் செய்தேன்.

"எக்கா, இன்னைக்குத் திறக்க மாட்டோம். எல்லாத்துக்கும் பொட்டு வெச்சு அடைச்சாச்சு."

"கேபிளுக்கும் வெச்சேளா?"

"கேபிள் வெச்சிருக்கற பெட்டிக்கு மேலே வெப்போம். கேபிளுக்கு உள்ளே யாராவது வெப்பாங்களா?" என்று அவள் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. ஃபோனில் டார்ச்சைப் போட்டு நேர் முனைக் கேபிளின் வாயைப் பார்த்தேன். மஞ்சளாக, கல் மாதிரி, சந்தனம். நான் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்ததில் இன்னும் ஆழமாகப் போய் இறுகியிருந்தது. அடுத்ததிலும் அப்படியே. எட்டு வாயிலும். அவர் வைத்தார், நான் கெட்டியாக்கினேன். எங்கள் தாம்பத்தியத்தில் இவ்வளவு ஒற்றுமையாக நாங்கள் வேறெதையும் செய்ததில்லை.

ஊக்கால் ஒன்றைச் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே தலைமயிர் மாதிரி இருந்த தகடு ஒன்று வளைந்து எழுந்து நின்றது. அதோடு விட்டுவிட்டேன். டிஸ்க்கின் வாயிலும் மதர்போர்டின் வாயிலும் உதிர்ந்திருந்த தூளைக் குழந்தையின் பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். ஐந்து அடிக்க இன்னும் சில நிமிடம். அஷ்டமியன்று காலையிலேயே கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒன்றைச் சொருகியிருந்தால் அது பத்திரமாக கேபினெட்டுக்குள் இருந்திருக்கும். எந்த விரலும் எட்டியிருக்காது. எதுவானாலும் சரியாக இருந்திருக்கும். எல்லாம் ஒண்ணுதான் என்று அவள் சொன்னாளே.

அப்போதுதான் சும்மா வந்த கறுப்புக் கேபிள்கள் ஞாபகம் வந்தன. தொழில் சாமான் என்று யாரும் மதிக்காததால் அவை பூஜைக்கு வைக்கப்படவில்லை. ஒன்றைக் குழந்தை பொம்மை நாய்க்குச் சங்கிலியாக்கி ஒரு முனையைக் கடித்துத் துப்பியிருந்தாள்.

"இன்னொண்ணு எங்கடா கண்ணா?"

"பாட்டி எடுத்துண்டா. லைட்டுக் கட்டறதுக்கு."

கொலுப்படிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். சீரியல் லைட் வயரைப் படியின் காலோடு சேர்த்து, இரண்டு சுற்றுச் சுற்றி, அந்தக் கேபிள் முடிச்சுப் போட்டுக் கட்டப்பட்டிருந்தது. இரண்டு வாயும் காற்றாட, சுத்தமாக.

"அம்மா, இதை அவுத்துக்கறேன்."

மாமியார் எழுந்தே வந்துவிட்டார். "கொலுவைத் தொடப்படாது. ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வெச்சு, நாளைக்குக் காலம்பறதான் எடுக்கணும். தெரியாதா உனக்கு?"

"பொம்மையைத் தொடலேம்மா. கேபிள் மட்டும்."

"படியும் கொலுதான்."

"படியையும் தொடலே. படியில கட்டின வயரை…"

"உனக்கு எல்லாத்துக்கும் ஒரு தர்க்கம் உண்டு. அவன் என்ன சொல்றான்?"

அவன் தூங்கிக்கொண்டிருந்தான். நான் யாருக்கும் எதிர்வார்த்தை பேசாமல் முப்பத்திரண்டு வருஷம் வளர்ந்தவள். புடவையையும் கையிலிருந்த நீலக் கேபிளையும் இடுப்பில் செருகிக்கொண்டு படிக்கு அடியில் தவழ்ந்து போய்விட்டேன். அதுவும் ஒரு பதில்தான் என்று பிறகு தோன்றிற்று.

முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் நெருடிக்கொண்டிருக்கும்போது வாசலில் தெருக்கோடி மாமியின் குரல். வெற்றிலை பாக்கு வைத்த பையை முந்தாநாள் மறந்து வைத்துவிட்டுப் போனாளாம்.

"இதென்ன, நாட்டுப்பொண் கொலுவுக்கு அடியில என்ன பண்றா?"

இனி இந்தத் தெருவில் பொங்கல் வரைக்கும் நான்தான் பேச்சு.

"லைட்டு கெட்டுப் போச்சு," என்றார் மாமியார், கொஞ்சமும் தயங்காமல். "நன்னாக்கிண்டிருக்கா. இந்தக் கரண்டு வேலையெல்லாம் அவளுக்கு நன்னாத் தெரியும்."

அது என்னைக் காப்பாற்றச் சொன்னதா, கொலுவின் மானத்தைக் காப்பாற்றச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு தடவை கேட்க நினைத்து விட்டுவிட்டேன். மாமி, "ஓ, அப்படியா!" என்று குனிந்து பார்க்க, நான் கையில் கறுப்புக் கேபிளோடு சிரித்தேன். அவிழ்ந்த சீரியல் லைட் சரிந்து தசாவதாரத்தின் மேல் விழப் பார்த்தது. இடுப்பில் செருகியிருந்த நீலக் கேபிளை, லாக் வைத்த, இருப்பதிலேயே உசத்தியான கேபிளை எடுத்து, லைட்டைப் படியோடு சேர்த்துக் கட்டினேன். மிக உறுதியாக நின்றது.

கறுப்புக் கேபிளைச் சொருகினேன். வழுக்கிக்கொண்டு போயிற்று. ஸ்விட்சைப் போட்டுவிட்டுத் திரையைப் பார்க்காமல் முதலில் சுவரைப் பார்த்தேன். அங்கே சர்டிபிகேட் திரும்பவும் ஏறியிருந்தது. பிறகு மெல்லத் திரையைப் பார்த்தேன். பெரிய டிஸ்க் அங்கே இருந்தது, ஒன்றுமே நடக்காதது போல.

படத்தை அனுப்பும்போது ஆறு மணிக்குப் பதினெட்டு நிமிடம் இருந்தது. சரியான டிஸ்க்கின் படம்தானா என்று மூன்று தடவை திறந்து பார்த்தேன். "தேங்க் யூ மேம்," என்று பதில் வந்தது, ஒரு பூவோடு.

எழுந்து வந்த கணவர் திரையைப் பார்த்தார். "பாத்தியா? லூஸ் கனெக்‌ஷன். நான் நெனச்சேன்." மாமியாரோ வாசலில் மாமியிடம், "எல்லாம் பூஜையில வெச்ச விசேஷம்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் மூன்று கேபிளையும் சந்தனத்தோடு ஒரு கவரில் போட்டு, கணவரின் வங்கிப் பையில் வைத்தேன். என்ன இது என்று கேட்டார். "பிரசாதம்," என்றேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நான் கதவைச் சாத்திக்கொண்டு திரைக்கு முன் உட்கார்ந்தேன். முதல் பக்கம் வந்தது. ஓரமெல்லாம் கரையான் அரித்து, நடுவில் காபிக் கறை. கறையின் விளிம்பில் முதல் கோட்டைப் போடும்போது மாமியார் கதவைத் தட்டினார்.

"கொலு எடுக்கணுமே. நீ வராம எப்படி?"

"ஒரு மணிக்குத்தாம்மா எழுந்திருக்க முடியும்."

அதைச் சொல்லிவிட்டு, குரல் கடுமையாக இருந்ததோ என்று யோசித்தேன். எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். கதவுக்கு அந்தப் பக்கம், "டேய், ஏணியை எடு. பத்து மணிக்குத்தானே உனக்கு பேங்க்கு," என்று மாமியார் மகனை அழைப்பது கேட்டது. பொம்மைகள் இறங்கின. காகிதம் சரசரத்தது. கணவர் இருமினார். பின், கூடத்திலிருந்து அவர் குரல், மிகவும் கவலையோடு:

"ஏய், இந்தச் செட்டியாரை நியூஸ் பேப்பர்ல சுத்தணுமா, துணியிலயா? துணின்னா காடாவா, பழைய புடவையா? தலையை முதல்ல சுத்தணுமா, காலையா?"

கறையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன்: "எல்லாம் ஒண்ணுதான்."